பிராண்டை மாற்றலாமா? காட்டுயிர் ஒளிப்படக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

காட்டுயிர் படமெடுக்கத் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டு ஆனவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். கையில் நிக்கான் டி500-ம் 200-500 லென்ஸும் இருக்கும். அல்லது கேனான் 7டி மார்க் 2-ம் 100-400-ம் இருக்கும். பக்கத்தில் நிற்பவர் சோனி வைத்திருப்பார். அவருடைய திரையில் பறக்கும் பஞ்சுருட்டானின் கண் துல்லியமாகத் தெரியும். அன்று இரவே விலை பார்க்கும் வேலை தொடங்கிவிடும்.

விலை பார்க்கும்போது எல்லோரும் கேமரா பாடியைத்தான் ஒப்பிடுகிறார்கள். எத்தனை மெகாபிக்சல், நொடிக்கு எத்தனை படம், கண்ணைப் பிடிக்குமா என்பதோடு ஒப்பீடு முடிந்துவிடுகிறது. ஆனால் பாடியில் யாருடைய முன்னிலையும் நிலைப்பதில்லை. 2017-ல் சோனி ஏ9 நொடிக்கு 20 படம் எடுத்தபோது மற்ற இருவரிடமும் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. 2020-ல் கேனான் ஆர்5 பறவைக் கண்ணைப் பிடித்தது. 2021 தொடக்கத்தில் சோனி ஏ1 வந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் நிக்கான் இசட்9 வந்தது. நான்கே ஆண்டில் மூவரும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். லென்ஸ் வரிசையில் இது நடப்பதில்லை. ஒரு நிறுவனம் எடை குறைந்த 600 மிமீ லென்ஸ் செய்யவில்லை என்றால், அந்த இடம் பல ஆண்டுகள் காலியாகவே கிடக்கும். பிராண்டை மாற்ற உருப்படியான காரணம் ஒன்றுதான்: உங்களுக்கு வேண்டிய லென்ஸ் உங்கள் பிராண்டில் இல்லை, வேறொன்றில் இருக்கிறது. மற்ற காரணங்களில் பெரும்பாலானவற்றை இருக்கும் பிராண்டுக்குள்ளேயே தீர்க்கலாம்.

கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்யுங்கள். அவசரமில்லாமல் செய்தால் ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதம் லட்சக்கணக்கான ரூபாயை மிச்சப்படுத்தக்கூடும்.

படி 1: தேறாத படங்களைப் பிரியுங்கள்

கடந்த ஓராண்டில் எடுத்துத் தேறாமல் போன படங்களில் 200 எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் கணினித் திரையில் 100% அளவில் பார்த்து, ஏன் தேறவில்லை என்று எழுதுங்கள். ஐந்து குவியல் போதும்: ஃபோகஸ் தவறியவை, அசைந்தவை, நாய்ஸ் (குறைந்த வெளிச்சத்தில் படத்தில் தெரியும் புள்ளிகள்) ஏறியவை, தூரத்தால் கெட்டவை, தருணம் தவறியவை.

குவியல்களைக் குழப்பிக்கொள்வதுதான் பலருடைய சிக்கல். அசைவால் கெட்ட படத்தைப் பார்த்து ஃபோகஸைக் குறை சொல்கிறார்கள். அடையாளம் இப்படி: பறவை மங்கலாக இருந்து, அதன் முன்னால் உள்ள புல்லோ பின்னால் உள்ள கிளையோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. தலை கூர்மை, இறக்கை மட்டும் மங்கல் என்றால் ஷட்டர் வேகம் போதவில்லை. எங்குமே கூர்மை இல்லாமல், ஓரங்கள் நெளிந்து நெளிந்து தெரிந்தால் அது கானல். கோடியக்கரையில் காலை ஒன்பது மணிக்கு மேல் எடுத்த வெளிமான் படங்கள் பலவும் இப்படித்தான் கெடுகின்றன. இதை உலகின் எந்த லென்ஸாலும் தீர்க்க முடியாது. ஆறு மணிக்குப் போய் நின்றால் தீரும்.

ஃபோகஸ் புள்ளி எங்கே விழுந்தது என்று தெரிய அந்தந்த நிறுவனத்தின் இலவச மென்பொருளில் படத்தைத் திறங்கள். நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ, கேனானுக்கு டிஜிட்டல் போட்டோ புரொபஷனல், சோனிக்கு இமேஜிங் எட்ஜ். புள்ளி பறவையின் மேல் இருந்தும் பறவை மங்கல் என்றால் கேமரா தவறியிருக்கிறது. புள்ளியே கிளையில் இருந்தால் தவறு உங்கள் கையிலோ, தேர்ந்தெடுத்த ஃபோகஸ் பகுதியிலோ இருக்கிறது.

இப்போது குவியல்களை எண்ணுங்கள். ஃபோகஸ், தருணம் ஆகிய இரண்டு குவியல்களுக்குப் புதிய மிரர்லெஸ் பாடி (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகைக் கேமரா) உதவும், அது எந்த பிராண்டாக இருந்தாலும். நாய்ஸ் குவியலுக்கு லென்ஸின் அபர்ச்சர்தான் (வெளிச்சம் நுழையும் திறப்பு; எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது) மருந்து. ஒரே அளவு சென்சார் கொண்ட கேமராக்களுக்கு இடையே நாய்ஸ் வேறுபாடு மிகக் குறைவு. தூரக் குவியலுக்கு நீளமான லென்ஸ் வேண்டும், அல்லது பொறுமையாகக் காத்திருக்கும் இடம் வேண்டும். அசைவுக் குவியலுக்குச் செலவே தேவையில்லை.

படி 2: செலவில்லாத பழுதுகளை முதலில் பாருங்கள்

டி500, 7டி மார்க் 2 போன்ற, உள்ளே கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் அளக்கும் பகுதி வேறு, படம் பதியும் சென்சார் வேறு. இரண்டுக்கும் இடையே ஒரு மயிரிழை வேறுபாடு இருந்தாலும் 500 மிமீ-ல் ஃபோகஸ் ஒரு கை அகலம் முன்னே பின்னே விழும். இதைச் சரிசெய்யாமலே பலர் பிராண்டை மாற்றுகிறார்கள். மிரர்லெஸில் அளப்பதும் பதிவதும் ஒரே சென்சார் என்பதால் இந்தக் கோளாறு தானாகவே மறைகிறது. உடனே பெருமை புதிய பிராண்டுக்குப் போய்விடுகிறது!

டி500, டி850 போன்றவற்றில் தானியங்கிச் சரிசெய்தல் உண்டு. செய்முறை: கேமராவை டிரைபாடில் வையுங்கள். நீங்கள் வழக்கமாக எடுக்கும் தூரத்தில், 15 முதல் 25 மீட்டருக்குள், அச்செழுத்து நிறைந்த ஒரு அட்டையைச் சுவரில் நேராக ஒட்டுங்கள். லென்ஸை அதிகபட்ச நீளத்திலும் முழு அபர்ச்சரிலும் வைத்து, நடு ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, லைவ் வியூவில் அட்டையின் மேல் ஃபோகஸ் செய்யுங்கள். டி500-ல் ஏஎஃப் மோட் பொத்தானையும் வீடியோ பதிவுப் பொத்தானையும் ஒன்றாக இரண்டு நொடிக்குமேல் அழுத்துங்கள். வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். ஐந்து முறை செய்து சராசரி எடுத்துக் கையால் பதிவிடுங்கள். ஒரே முறை வந்த எண்ணை நம்ப வேண்டாம். 7டி மார்க் 2-ல் இது கையால் மாற்றும் அமைப்பு. அதில் ஜூம் லென்ஸுக்குக் குறைந்த நீளம், அதிக நீளம் இரண்டுக்கும் தனித்தனி எண் கொடுக்கலாம்.

லென்ஸ் முன்னால் விலை குறைந்த யூவி கண்ணாடி இருந்தால் கழற்றிவிட்டு ஒரு நாள் எடுத்துப் பாருங்கள். நீள லென்ஸில் அது கூர்மையைத் தின்றுவிடும். பறக்கும் பறவைக்கு 1/2000 நொடியில் தொடங்குங்கள், தகைவிலான் போன்ற சிறியவற்றுக்கு 1/3200. சஃபாரி வண்டியில் இருந்து எடுக்கும்போது என்ஜின் ஓடினால் வண்டி முழுவதும் அதிரும். ஓட்டுநரிடம் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள், பீன் பையைக் கம்பியின் மேல் வைத்து லென்ஸை அதன்மேல் கிடத்துங்கள்.

இதையெல்லாம் செய்தபின் இரண்டு வாரம் எடுங்கள். மறுபடி குவியல்களை எண்ணுங்கள். இங்கேயே பலருக்கு விடை கிடைத்துவிடும்.

படி 3: உங்கள் காடு எந்த லென்ஸைக் கேட்கிறது?

லென்ஸை இடம்தான் தீர்மானிக்கிறது. வேடந்தாங்கலில் ஏரிக்கரையில் நின்று, திறந்த வெளிச்சத்தில், நீரில் நிற்கும் மரங்களின் மேல் கூடு கட்டியிருக்கும் நாரைகளை எடுக்கிறீர்கள். அங்கே எஃப்/7.1 லென்ஸும் போதும், நீளம்தான் வேண்டும். வால்பாறையில் கதை தலைகீழ். புதுத்தோட்டத்துச் சோலைமந்திகள் மனிதர்களுக்குப் பழகியவை, சாலையோரத்திலேயே வரும்; 300 அல்லது 400 மிமீ போதும். ஆனால் அடர்ந்த மரநிழலில் வெளிச்சம் கிடையாது, சாரல் வேறு. முதுமலைப் பேருந்துச் சஃபாரியில் யானை பத்து மீட்டரிலும் நிற்கும், செந்நாய் நூறு மீட்டரிலும் ஓடும். லென்ஸ் மாற்ற நேரமிருக்காது, ஜூம் இல்லாமல் ஆகாது.

அபர்ச்சர் வேறுபாட்டை எண்ணாகப் பாருங்கள். எஃப்/4-க்கும் எஃப்/5.6-க்கும் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதியாகிறது. எஃப்/5.6-க்கும் எஃப்/7.1-க்கும் மூன்றில் இரண்டு ஸ்டாப். ஆகவே எஃப்/4-ல் ஐஎஸ்ஓ (ஏற ஏற நாய்ஸ் கூடும் உணர்திறன் அளவு) 3200 போதுமான இடத்தில், அதே ஷட்டர் வேகத்துக்கு எஃப்/7.1-ல் ஐஎஸ்ஓ 10000 வரை ஏறும். மழைக்காட்டில் இந்த வேறுபாடு படத்தில் அப்பட்டமாகத் தெரியும். மாறாக, எஃப்/5.6-க்கும் எஃப்/6.3-க்கும் மூன்றில் ஒரு ஸ்டாப்தான். அதற்காகப் பிராண்டை மாற்றுவது வீண்.

உங்கள் படங்களில் முக்கால்வாசி எந்த மூன்று இடங்களில் எடுத்தவை என்று பார்த்து, ஒரு வரி எழுதுங்கள். எடுத்துக்காட்டு: "600 மிமீ, எஃப்/6.3-ஐவிடச் சிறிய திறப்பு கூடாது, இரண்டு கிலோவுக்குள், வண்ணத்துப்பூச்சிக்கும் ஆக வேண்டும்." அடுத்த படியில் இந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குள் நுழைய வேண்டும்.

படி 4: லென்ஸ் ஏணியைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

கேனானின் பலம் எடை குறைந்த ஜூம்கள். ஆர்எஃப் 100-500 எஃப்/4.5-7.1 சுமார் 1.4 கிலோ. 500 மிமீ-லும் 1.2 மீட்டர்வரை நெருங்கி ஃபோகஸ் ஆகும், சென்சாரில் உயிரின் உண்மை அளவில் மூன்றில் ஒரு பங்குவரை பெரிதாகப் பதியும்; பறவையோடு தும்பி, தவளை, பாம்பு எடுப்பவருக்கு இதுபோல் இன்னொன்று கிடைப்பது கடினம். ஆனால் லென்ஸின் நீளத்தைக் கூட்டும் டெலிகன்வெர்ட்டர் மாட்டினால் 300-க்குக் கீழே ஜூம் போகாது, லென்ஸை முழுவதும் சுருக்கிப் பையில் வைக்கவும் முடியாது. 1.4எக்ஸ் மாட்டினால் 700 மிமீ-ல் எஃப்/10 ஆகிவிடும். 200-800 எஃப்/6.3-9 தூரத்துக்கு நல்லது, இரண்டு கிலோவைச் சற்றுத் தாண்டும், வெளிச்சம் வேண்டும். ஆர்எஃப் 100-400 எஃப்/5.6-8 வெறும் 635 கிராம். தொடக்கத்துக்கு அருமையான லென்ஸ். இவற்றுக்கு மேலே போனால் நேரே மூன்று கிலோ எடையும் அதற்கேற்ற விலையும் கொண்ட 600 எஃப்/4 போன்றவைதான். இடைப்பட்ட விலையில் எடை குறைந்த 500, 600 பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் கேனான் ஆர்எஃப் வரிசையில் இல்லை. ஃபுல் ஃப்ரேம் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார்) ஆர்எஃப் மவுண்டுக்கு, அதாவது கேனான் மிரர்லெஸின் லென்ஸ் மாட்டும் வாய்க்கு, சிக்மா, டாம்ரான் நீள லென்ஸ்களும் 2025 வரை வரவில்லை.

அந்த நடுப்படியில்தான் நிக்கான் வலுவாக நிற்கிறது. இசட் 400 எஃப்/4.5, 1.5 கிலோவுக்குள் அடங்கும் 600 எஃப்/6.3, 2.4 கிலோ எடையுள்ள 800 எஃப்/6.3 என்று மூன்று பிரைம்கள். நடந்து போய்ப் பறவை எடுப்பவருக்கு இந்த 600 எஃப்/6.3 ஒன்றே பிராண்டை மாற்றப் போதுமான காரணமாக இருக்கலாம். 180-600 ஜூம் சுமார் இரண்டு கிலோ. டாம்ரான் 150-500-ம் இசட் மவுண்டில் கிடைக்கிறது. பழைய எஃப் மவுண்டின் 500 எஃப்/5.6 பிஎஃப் இரண்டாம் கையில் நல்ல விலைக்கு வந்தால் தயங்காமல் பாருங்கள், 1.46 கிலோதான், பழைய லென்ஸைப் புதிய பாடியில் மாட்டும் அடாப்டரில் குறையில்லாமல் ஓடுகிறது.

சோனியில் 200-600 எஃப்/5.6-6.3 பலருடைய முதல் லென்ஸ். 2.1 கிலோ. ஜூம் செய்யும்போது நீளம் மாறாது, வளையம் சின்னச் சுற்றிலேயே முழுத் தூரமும் போய்விடும். கிம்பலில் (கனமான லென்ஸைத் தாங்கிச் சுழலும் டிரைபாட் தலை) சமநிலை குலையாது, தூசி உள்ளே இழுபடுவதும் குறைவு. நிக்கான் 180-600-ம் இப்படித்தான். கேனான் 100-500 வெளியே நீளும். சோனிக்கு வெளிநிறுவன லென்ஸ்கள் ஏராளம்: சிக்மா 150-600, சிக்மா 500 எஃப்/5.6, டாம்ரான் 150-500. ஆனால் இரண்டு கட்டுப்பாடுகளை விற்பவர் பெரும்பாலும் சொல்வதில்லை. வெளிநிறுவன லென்ஸ் மாட்டினால் சோனி பாடிகள் நொடிக்கு 15 படத்துக்கு மேல் எடுக்காது. அவற்றில் சோனி டெலிகன்வெர்ட்டரும் மாட்ட முடியாது. 30 படம் எடுக்கும் பாடியை வாங்கி, வெளிநிறுவன லென்ஸோடு பாதி வேகத்தில் ஓட்டுவதில் பொருளில்லை.

ஓஎம் சிஸ்டமும் ஃபூஜிஃபில்மும் எடைக்காகப் பார்க்கத்தக்கவை. ஓஎம்-1 சென்சார் ஃபுல் ஃப்ரேமில் கால்வாசிப் பரப்பு. 300 எஃப்/4 லென்ஸ் 600 மிமீ-க்கு ஈடான பார்வைக்கோணம் தரும். முதுகுவலி உள்ளவருக்கும் மலை ஏறுபவருக்கும் நல்ல தேர்வு. சோலைக்காட்டின் மாலை வெளிச்சத்தில் அந்தச் சின்னச் சென்சார் சிரமப்படும்.

படி 5: இருக்கும் பிராண்டிலேயே மிரர்லெஸ் போனால்?

பிராண்டை மாற்ற நினைக்கும் பெரும்பாலோருக்கு உண்மையில் வேண்டியது மிரர்லெஸ். அதற்குப் பிராண்டு மாற வேண்டியதில்லை.

கேனானின் டிஎஸ்எல்ஆர் காலத்து இஎஃப் லென்ஸ்கள் இஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டரில் அப்படியே வேலை செய்கின்றன. பழைய 300 எஃப்/2.8, 500 எஃப்/4 போன்றவை புதிய பாடியில் முன்பைவிடத் துல்லியமாகவே ஃபோகஸ் ஆகும். நிக்கானில் எஃப்டிஇசட் அடாப்டர் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்களுக்குத் தானியங்கி ஃபோகஸ் தரும். 200-500 அதில் அடங்கும். பாடிக்குள் உள்ள மோட்டார் திருகி இயக்கும் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களுக்கு அது கையால் ஃபோகஸ் செய்யும் வழியை மட்டுமே விடுகிறது. உங்களுடையது பழைய 80-400 டி என்றால் கணக்கு மாறும். சிக்மா, டாம்ரான் 150-600 வைத்திருப்பவர்கள் லென்ஸ் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். சிக்மாவுக்கு யூஎஸ்பி டாக், டாம்ரானுக்கு டேப்-இன் கன்சோல். கடையில் ஒரு முறை இரவல் வாங்கினால் போதும்.

டெலிகன்வெர்ட்டரில் ஏமாறாதீர்கள். இசட் டெலிகன்வெர்ட்டர் எஃப்டிஇசட்டோடு சேராது, ஆர்எஃப் எக்ஸ்டெண்டர் இஎஃப் லென்ஸோடு சேராது. பழைய லென்ஸுக்குப் பழைய கன்வெர்ட்டர்தான், அதன் பின்னால் அடாப்டர்.

டி500 வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் கவலை உண்டு. அதன் இடத்தை நிரப்பும் கிராப் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய) சென்சார் பாடி இசட் வரிசையில் 2025 வரை வரவில்லை. ஃபுல் ஃப்ரேமுக்குப் போனால் தூரத்தை எட்டும் திறன் போய்விடுமோ என்று அஞ்சுகிறார்கள். இசட்8-ஐக் கிராப் முறையில் வைத்தால் 19 மெகாபிக்சல் கிடைக்கும். டி500-ல் கிடைத்தது 20.9. நடைமுறையில் இழப்பு இல்லை, பறவை நெருங்கிப் பறக்கும்போது முழுச் சென்சாரும் கையில் இருக்கும். டி500-ன் எக்ஸ்கியூடி கார்டும் இசட்8-ல் போகும். 7டி மார்க் 2-லிருந்து வருபவருக்கு ஆர்7 இருக்கிறது: 32.5 மெகாபிக்சல், அதே லென்ஸில் பறவையின் மேல் டி500-ஐவிட நீளவாக்கில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பிக்சல்.

படி 6: கணக்கு எழுதுங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்தி. கீழே உள்ள தொகைகள் கணக்கு புரிவதற்காக மட்டும். உங்கள் கடையில் கேட்ட விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிராண்டில் தங்கினால்: பாடி 2,50,000, அடாப்டர் 20,000, பழைய பாடி விற்றது 35,000 கழித்து 2,35,000.

மாறினால்: பாடி 2,50,000, லென்ஸ் 1,70,000, இரண்டு கார்டும் ரீடரும் 40,000, லென்ஸ் ஃபூட்டும் எல் பிளேட்டும் (டிரைபாடில் பொருத்தும் துண்டுகள்) 12,000. பழைய பாடியும் லென்ஸும் விற்ற 90,000 கழித்து 3,82,000.

வேறுபாடு 1,47,000. இந்தத் தொகைக்கு எதிரே எழுத வேண்டியது, இதே பணத்தில் எத்தனை முறை காட்டுக்குப் போகலாம் என்பது: தங்குமிடம், வண்டி, அந்தக் காட்டை அறிந்த உள்ளூர் வழிகாட்டியின் கூலி. படத்தைத் தருவது அந்த நாட்கள்தான். லென்ஸ் இடைவெளி உண்மையிலேயே இருக்கிறது என்று படி 4-ல் தெரிந்தவர் மட்டும் இந்தத் தொகையைக் கண்ணை மூடாமல் கொடுக்கலாம்.

தாளில் விட்டுப்போகும் செலவுகள் சில உண்டு. கார்டு வகை பிராண்டுக்குப் பிராண்டு வேறு: கேனான் ஆர்5-ம் நிக்கான் இசட்8-ம் சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி, சோனி ஏ1 டைப் ஏ, ஆர்7 இரண்டு எஸ்டி. 45 மெகாபிக்சல் ரா கோப்பு (சென்சார் பதிந்த மூலக் கோப்பு) ஏறத்தாழ 50 எம்பி; நொடிக்கு 20 படம் என்று ஐந்து நொடி அழுத்தினால் 5 ஜிபி. ஒரு காலையில் 3,000 படம் என்றால் 150 ஜிபி. வன்தட்டும் வேகமான கணினியும் இல்லாமல் இது ஓடாது. பழைய லைட்ரூம் 6 வைத்திருந்தால் புதிய கேமராவின் ரா கோப்பு அதில் திறக்காது; அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரில் ஒருமுறை மாற்றிக்கொள்ள வேண்டும். மிரர்லெஸ் பேட்டரி சீக்கிரம் தீரும், முழுநாளுக்கு இரண்டு கூடுதலாக வேண்டும். இது இரண்டு பத்திக்கும் பொதுவான செலவு.

பில் இல்லாமல் குறைந்த விலைக்கு வரும் வெளிநாட்டுச் சரக்கைத் தவிருங்கள். இந்திய நிறுவனம் விற்காத பொருளுக்கு இங்கே உத்தரவாதம் கிடையாது, நீள லென்ஸின் ஃபோகஸ் மோட்டார் போனால் செலவு கையைக் கடிக்கும். வாங்கும் முன் அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரைத் தொலைபேசியில் அழைத்து, இந்த லென்ஸை இங்கேயே பழுதுபார்ப்பீர்களா, வேறு ஊருக்கு அனுப்புவீர்களா, எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள்.

படி 7: மூன்று நாள் வாடகைக்கு எடுத்துச் சோதியுங்கள்

சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் வாடகைக்குக் கிடைக்கும். பாடியை மட்டும் எடுக்காதீர்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே லென்ஸோடு எடுங்கள். முதல் நாள் முழுவதும் வீட்டில் அமைப்புகளுக்கே போகட்டும். தொடர் ஃபோகஸ், பறவை அல்லது விலங்கு கண்டறிதல், பின் பொத்தான் ஃபோகஸ், தானியங்கி ஐஎஸ்ஓ உச்சம் 6400, ஷட்டர் 1/2000. பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே காட்டுக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டால் எந்தக் கேமராவும் தோற்கும்.

அடுத்த இரண்டு நாளும் உங்கள் ஊர் ஏரிக்குப் போங்கள். பழைய கேமராவையும் கொண்டுபோங்கள். அதே இடம், அதே நேரம், அதே பறவை. அரிய பறவை தேவையில்லை. கொக்கு, கரும்பருந்து, தகைவிலான் போதும்.

மரங்களைப் பின்னணியாக வைத்துப் பறக்கும் கொக்கை இரண்டு கேமராவிலும் பத்துப் பத்துத் தொடராக எடுங்கள். வானப் பின்னணியில் எல்லாக் கேமராவும் நன்றாகவே பிடிக்கும், அதனால் அந்தச் சோதனை எதையும் சொல்லாது. ஒவ்வொரு தொடரிலும் கண் கூர்மையாக உள்ள படங்களை எண்ணி விழுக்காடு எழுதுங்கள். பிறகு குச்சிகளுக்குள் உட்கார்ந்திருக்கும் பறவையில் முயன்று பாருங்கள். கேமரா எத்தனை முறை முன்குச்சிக்குத் தாவுகிறது, தாவினால் எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று கவனியுங்கள். மாலை ஆறு மணிக்கு இதையே திரும்பச் செய்யுங்கள்.

எலக்ட்ரானிக் ஷட்டரை வைத்து, பக்கவாட்டில் வேகமாக கேமராவைத் திருப்பியபடி பனைமரங்களை எடுங்கள். மரம் சாய்ந்து தெரிந்தால் சென்சார் மெதுவாகப் படிக்கிறது. படபடக்கும் மீன்கொத்தியின் இறக்கையும் அப்படியே வளையும். ஆர்7-ன் சென்சார் ஒரு முறை படிக்க ஏறத்தாழ 1/30 நொடி எடுக்கும். அடுக்குச் சென்சார் கொண்ட இசட்8, ஏ1 போன்றவை 1/250 நொடியை ஒட்டி முடித்துவிடும். ஆர்7 வாங்குபவர் பறக்கும் பறவைக்கு மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 15 படம் என்பதைத்தான் உண்மையான வேகமாகக் கொள்ள வேண்டும். விளம்பரத்தில் சொல்லும் 30 அமைதியாக உட்கார்ந்திருக்கும் பறவைக்கு.

பொத்தானை விடாமல் அழுத்தி, வேகம் எத்தனையாவது நொடியில் குறைகிறது என்று பாருங்கள். தூங்கும் கேமராவை எழுப்பிக் கண்ணில் வைத்தால் எவ்வளவு நேரத்தில் காட்சி வருகிறது என்று பாருங்கள். சிறுத்தை சாலையைக் கடக்க எடுக்கும் நேரம் அவ்வளவுதான். லென்ஸைக் கையில் ஏந்தி இரண்டு நிமிடம் கண்ணிலேயே வைத்திருங்கள். தோள் சொல்லும் பதிலுக்கு மதிப்புக் கொடுங்கள்.

கை பழக்கமும் சோதனையில் அடங்கும். கேனானுக்கும் நிக்கானுக்கும் லென்ஸ் மாட்டும் திசை எதிர், ஜூம் வளையம் சுற்றும் திசையும் எதிர். பதற்றத்தில் கை பழைய திசைக்கே போகும், யானையின் காது மட்டும் படத்தில் விழும். இரண்டு மூன்று மாதத்தில் பழகிவிடும். ஆனால் அடுத்த வாரம் பெரிய பயணம் இருந்தால் இப்போது மாறக்கூடாது.

படி 8: முடிவு

புதிய கேமராவின் விழுக்காடு பழையதைவிட மிகவும் மேலே இருக்கிறது, உங்கள் பிராண்டின் மிரர்லெஸ் பாடியிலும் அதே அளவு வருகிறது என்றால் தங்குங்கள், பாடியை மட்டும் மாற்றுங்கள். படி 3-ல் எழுதிய வரிக்குப் பொருந்தும் லென்ஸ் உங்கள் பிராண்டில் இல்லை, பழைய லென்ஸும் அடாப்டரில் ஓடாத வகை, கையில் ஒரே ஒரு நீள லென்ஸ்தான் என்றால் மாறுங்கள். தள்ளிப்போடத் தள்ளிப்போட இழப்புக் கூடும். உங்கள் குழுவில் நாலு பேர் ஒரே மவுண்டில் இருந்து லென்ஸ் இரவல் கொடுத்து வாங்குகிறீர்கள் என்றால் அதுவும் பெரிய மதிப்பு, தாளில் எழுதுங்கள். இரண்டு வாரச் சோதனைக்குப் பின் அசைவுக் குவியலே பெரிதாக நிற்கிறது என்றால் எதையும் வாங்காதீர்கள்.

மாறுவது என்று முடிவானால் முதலில் லென்ஸை வாங்குங்கள், பாடியைத் தேவைப்பட்டால் சில வாரம் வாடகையில் ஓட்டலாம். பழையதை உடனே விற்க வேண்டாம். பறவைப் பருவம் நவம்பரில் தொடங்கும். மழைக்கு முன்பே வாங்கி, ஊர் ஏரியில் பழகி, புதிய அமைப்பில் ஒரு முழுப் பயணம் போய்வந்தபின் பழையதை விலைக்குப் போடுங்கள். விற்கும் முன் லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் வழியாகப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டாம் கை வாங்கும்போதும் இதே சோதனை, கூடவே ஷட்டர் எண்ணிக்கை. புதிய லென்ஸ் வீட்டுக்கு வந்த அன்றே அதை உலர்பெட்டியில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள், வரிசை எண்ணைப் பில்லோடு சேர்த்துப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.